வேகன் ஆர் கிளட்ச்சுக்கு 14,750 ரூபாய் எஸ்டிமேட், மதுரையில் இது நியாயமா?

திருநகர் வண்டி:
2014 வேகன் ஆர், பெட்ரோல், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன வாரம் தேனியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம், ஆண்டிப்பட்டி கணவாயில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின்தான் கத்துகிறதே தவிர வண்டி ஏறவில்லை, கூடவே கருகல் வாடை வேறு. மாமியார் பின்சீட்டிலிருந்து "மாப்பிள்ளை, வயர் எரியுது" என்று தேனி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். கிளட்ச் செட் 4,350, லேபர் 3,400, முன் பிரேக் பேட் கூலியோடு 1,950, ஏசி சுத்தம் 1,250, இன்ஜின் டிரெஸ்ஸிங் (வெளிப்புறம் துடைத்துப் பளபளப்பாக்குவது) 650, இன்ஜின் ஃப்ளஷ் (மருந்து ஊற்றி உள்ளே கழுவுவது) 750, அடிப்பக்கம் துரு பிடிக்காமல் இருக்க கோட்டிங் 2,400. ஆக 14,750. நான் போனது கிளட்ச்சுக்கு. இவ்வளவு ஆகுமா? மாதக் கடைசி வேறு.

உசிலை டிரைவர்:
கிளட்ச்தானா என்று முதலில் நீங்களே பாருங்கள் அண்ணே, காசு செலவில்லை. உங்கள் வண்டிக்கு கேபிள் கிளட்ச், பெடலை மிதித்தால் ஒரு கம்பிதான் கிளட்ச்சை இழுக்கும். பெடலைக் கையால் அமுக்கினால் ஆரம்பத்தில் கொஞ்சம் லூஸ் இருக்க வேண்டும். லூஸே இல்லாமல் கேபிள் இழுத்துப் பிடித்திருந்தாலும் இதே மாதிரிதான் வழுக்கும், அதற்கு அட்ஜஸ்ட் பண்ணினால் போதும். லூஸ் சரியாக இருந்தால், சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. காலை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்து போய்விட்டது. ஒரு தடவை போதும், நாலு தடவை பார்த்து மிச்சத்தையும் எரித்துவிடாதீர்கள்.

திருநகர் வண்டி:
லூஸ் இருக்கிறது. அணையவில்லை.

பைபாஸ் ரோடு:
அப்படியென்றால் அந்த எஸ்டிமேட்டில் முதல் இரண்டு வரிதான் உங்கள் வேலை, 7,750. சர்வீஸ் சென்டருக்கு அது அநியாயம் இல்லை. வெளியில் தெரிந்த மெக்கானிக்கிடம் போனால் கூலி 2,000லிருந்து 2,500க்குள் முடியும். ஃப்ளஷ், டிரெஸ்ஸிங், கோட்டிங் மூன்றையும் அடித்துவிடுங்கள். நம் ஊரில் அடியில் துரு பிடிக்கக் கடல்காற்றா வீசுகிறது? பிரேக் பேட் மட்டும் அப்படித் தள்ளக்கூடாது, சக்கரத்தைக் கழற்றி எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று காட்டச் சொல்லுங்கள். 3க்குக் கீழே வந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று, எஸ்டிமேட்டில் கியர் ஆயில் இல்லை. கியர்பாக்ஸை இறக்க ஆக்சிலை உருவினால் ஆயில் வெளியே வந்துவிடும், அதைக் கடைசியில் "எக்ஸ்ட்ரா" என்று பில்லில் சேர்ப்பார்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள். கிளட்ச் செட் என்றால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் சேர்ந்தது. பிளேட் மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது மலிவாகச் சொன்னால் கேட்காதீர்கள், பேரிங் சத்தம் போட ஆரம்பித்தால் மறுபடி அதே கூலி கொடுத்து கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும்.

மேலூரான்:
வெளியில் போ வெளியில் போ என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். நான் போன வருஷம் அப்படித்தான் போனேன், பில் இல்லை, போட்ட சாமான் ஒரிஜினலா என்றும் தெரியாது, ஐந்து மாதத்தில் பெடல் அதிர ஆரம்பித்தது. போய்க் கேட்டால் "நீங்க ஓட்டுற விதம் அப்படி". மிச்சம் பிடித்த 2,000 ரூபாய் எங்கே போச்சு?

பைபாஸ் ரோடு:
அதற்குத்தான் சாமானை நீங்களே கடையில் பில் போட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். பெட்டியில் எம்.ஆர்.பி. இருக்கும். 2025 செப்டம்பர் 22லிருந்து ஸ்பேர்ஸுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது, பழைய சரக்கைப் பழைய விலைக்குத் தருகிறார்களா என்றும் பாருங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் பொருள்.

அரசரடி:
நடுவில் ஒரு சந்தேகம். ஏசி கேஸ் அடிக்க 1,800 கேட்கிறார்கள். போன சித்திரைத் திருவிழா சமயத்தில்தான் அடித்தேன்.

உசிலை டிரைவர்:
கேஸ் ஓடித் தீருகிற பொருள் இல்லை அண்ணே. ஒரு வருஷத்தில் குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவு பார்க்காமல் அடித்தால் அடுத்த சித்திரைக்கும் 1,800 எடுத்து வையுங்கள்.

திருநகர் வண்டி:
வேலை முடிந்தது. வெளியில்தான் செய்தேன், செட் நானே வாங்கினேன், 3,600. கியர்பாக்ஸை இறக்கியதும் மெக்கானிக் போன் பண்ணி வரச் சொன்னார். பிளேட்டில் ஆயில் பிசுக்கு. இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புது கிளட்ச் போட்டிருந்தால் அதுவும் நனைந்து வீணாகியிருக்கும். சீல் 380, ஃப்ளைவீல் (கிளட்ச் பிளேட் அழுந்தும் இன்ஜின் சக்கரம்) லேத்தில் கொடுத்துத் தேய்த்தது 400, கியர் ஆயில் 700, கூலி 2,200. மொத்தம் 7,280. சீல் போடத் தனிக்கூலி வாங்கவில்லை, "எப்படியும் திறந்துதானே கிடக்கு" என்றார். பிரேக் பேட் 4 மில்லிமீட்டர் இருக்கிறது, பொங்கல் வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெடல் இப்போது ரொம்ப லேசாக இருக்கிறது. பயப்படணுமா?

உசிலை டிரைவர்:
வேண்டாம். தேய்ந்த கிளட்ச்தான் கனக்கும், உங்கள் கால் அதற்குப் பழகிவிட்டது. ஒரு 500 கி.மீ. மேட்டில் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைக்காமல் ஓட்டுங்கள், அப்புறம் பெடல் லூஸை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

திருநகர் வண்டி:
சரி அண்ணே. மாமியார் இன்னும் நம்பவில்லை, வயரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்கிறார்.