மறுமொழி: மாலைச் சுண்டல் நிதி – கணக்கு கேட்டவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நம் ஊர்ப் பள்ளியில் மாலை ஸ்பெஷல் கிளாஸுக்கு இருக்கிற பிள்ளைகளுக்குச் சுண்டல் போட, சங்கம் நோட்டீஸ் விட்டு நிதி திரட்டுகிறதே, அதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கெல்லாம் இது பதில்.

பொருளாளர் மாமா கேட்ட கணக்கு: பிள்ளைக்கு 30 கிராம் காய்ந்த கொண்டைக்கடலை. ஊறி வெந்தால் இரு மடங்காகும். புரதம் சுமார் 6 கிராம். 60 பிள்ளைக்கு நாளுக்கு 1.8 கிலோ, 22 நாளுக்கு 40 கிலோ. கடலைச் செலவு பெரிதே இல்லை. சமைக்கிற அம்மாவின் சம்பளமும் கேஸும்தான் இழுக்கும். நோட்டீஸில் அந்த இரண்டையும் காணோம்!

பள்ளியில் பிள்ளைக்கு மயக்கம் வந்ததை அத்தை பார்த்துவிட்டு வந்து சொன்னாரே, அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, சத்துணவு பத்தோடு. பத்தாவது பிள்ளை 12.30-க்குச் சாப்பிட்டதோடு ஸ்பெஷல் கிளாஸில் 5.30 வரை உட்காருகிறது. பிளஸ் டூவுக்கு மதியமும் கிடையாது.

கடலை வேகவில்லை என்ற புகாருக்குக் காரணம் போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு தோலை இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் கல்லுதான். ஊறப்போடவும் வேகவைக்கவும் குடிதண்ணீரே வேண்டும். பழைய கடலையும் இப்படித்தான் பண்ணும், ஆகவே வருஷத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். சித்திரை வெக்கையில் ஊறல் தண்ணீர் நுரைத்து நாறும். நடுவில் ஒருமுறை மாற்றணும். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பினால் தோல் ஏறி ஆவிக்குழாயை அடைக்கும். மதியச் சமையலோடு சேர்த்துத் தாளித்து வைத்தால், தேங்காய் போட்ட சுண்டல் நாலு மணிக்குள் ஊசிவிடும். 2.30-க்கு அடுப்பேற்றி, தேங்காயைப் பரிமாறும்போது தூவினால் போதும். எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும், டீ அதைக் கெடுக்கும். சுண்டலோடு டீயும் கொடுக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள் சங்கக் கணக்கில் பணம் போட வேண்டாம். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவில்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம்.

மேலத்தெரு சித்தப்பா கேட்கும் ஷெட்டும் பெயர் பொறித்த கல்வெட்டும் இதில் சேராது. பள்ளி வராந்தா போதும்.

---

மேலத்தெரு சித்தப்பாவின் பதில்:

மாப்ளே, கல்வெட்டு கேட்டது நான் இல்லை, கேட்டது யாரென்று உங்க அப்பாவிடமே விசாரி. சுண்டல் சரி. ஆனால் பிள்ளைகளை வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணாதே. மதியம் 1 மணிக்கு வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணி அளந்து போடச் சொல், இல்லாவிட்டால் மீதி யார் வீட்டுக்குப் போகும் என்று ஊருக்கே தெரியும். பந்தல் காசு இன்னும் வரவில்லை, அதையும் உன் கணக்கில் எழுது.