புதுப்பிப்பு: சிலிக்கன் கார்பைடுக்கு மேல்பூச்சு எதற்கு?

முந்தைய பதிவில், சிலிக்கன் கார்பைடு கூட்டுப்பொருளை (சூடு தாங்கும் பீங்கான் வகை) காக்கும் சிலிக்கா (சிலிக்கன் டையாக்சைடு) படலம் சூடான நீராவி பட்டால் ஹைட்ராக்சைடு வாயுவாகி ஓடிவிடும், அதனால்தான் டர்பைன் பாகங்களுக்கு மேல்பூச்சு தேவை என்று எழுதியிருந்தேன். அதற்குப் பலரும் கேட்டது ஒன்றுதான்: உலோக டர்பைன் பிளேடுகளுக்குப் பூசும் சிர்கோனியாவையே (சிர்கோனியம் ஆக்சைடு) இதற்கும் பூசினால் என்ன?

பூசலாம், நிற்காது. சூட்டில் சிர்கோனியா விரியும் அளவு சிலிக்கன் கார்பைடைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இழுபறிதான்; கடைசியில் விரிசல் விட்டு உரிந்துவிடும். போதாக்குறைக்கு ஆக்சிஜன் அயனிகளையும் தாராளமாக உள்ளே விடும். இதற்குப் பதிலாகப் பூசும் இட்டெர்பியம் டைசிலிக்கேட் என்ற சேர்மத்தின் விரிவோ, அடியில் உள்ள சிலிக்கன் கார்பைடோடு ஒத்துப்போகிறது. அதற்கு இத்தனை மவுசு அதனால்தான்.

அதன் அடியில் ஒட்டுப்படலமாகச் சிலிக்கன் இருக்கும். என்னைக் கேட்டால் சுவாரசியமே இங்கேதான். சிலிக்கன் 1414 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மேல்பூச்சு எவ்வளவு நல்லதானாலும் இந்த இடம் அந்தச் சூட்டைத் தொடக்கூடாது. அப்புறம், நீராவி மெல்ல ஊடுருவிச் சிலிக்கனை ஆக்சிஜனேற்றும். அப்படி வளரும் சிலிக்கா, கிறிஸ்டோபலைட் என்ற வடிவில் படிகமாகிறது. ஆறும்போது சுமார் 220 டிகிரியில் அது படிக அமைப்பு மாறிச் சட்டென்று சுருங்கும். மெல்லிய படலமாக இருக்கும்வரை பரவாயில்லை. தடித்துவிட்டால் மேல்பூச்சு அங்கிருந்தே கழன்று வரும். இத்தனைக்கும் மேல்பூச்சு என்னவோ நன்றாகத்தான் இருக்கும்!

எஞ்சினுக்குள் புகும் மணல் தூசி பூச்சை என்ன செய்யும் என்று கேட்டவருக்கு: சுமார் 1200 டிகிரியைத் தாண்டினால் அது கண்ணாடிக் குழம்பாக உருகிப் பூச்சையே அரிக்கும். அதற்கு முழுத் தீர்வு இன்னும் வரவில்லை.