கலைச்சொல் தேவை: கார் பந்தயத்தில் முதன்முறையாக வென்றவரை எப்படி எழுதுவது?

துணைவரி எழுதியது:

வணக்கம். அமெரிக்கக் கார் பந்தயம் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழில் துணைவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோப்பு போயாக வேண்டும். இரண்டு சொற்கள் கழுத்தைப் பிடிக்கின்றன. ஒன்று ஸ்டாக் கார். இன்னொன்று ஃபர்ஸ்ட் டைம் வின்னர்.

காட்சி இதுதான். 2011 பிப்ரவரி 20, டேட்டோனா 500 என்ற பந்தயம். டிரெவர் பேன் என்ற பையன் ஜெயிக்கிறான். முந்தின நாள்தான் 20 வயது முடிந்திருக்கிறது. நாஸ்கார் என்ற அமைப்பு நடத்துகிற முதன்மை வரிசைப் பந்தயங்களில் அவன் ஓட்டுவது அது இரண்டாவது தடவை. ஜெயித்தவர்கள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடத்துக்கு எங்கே திரும்புவது என்று தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறான். நான் ‘முதல் வெற்றியாளர்’ என்று எழுதி வைத்தேன். தம்பி படித்துவிட்டு, “இந்தப் பந்தயமே அந்த வருஷம்தான் ஆரம்பிச்சுதா?” என்று கேட்டான். அங்கேயே நிற்கிறேன். ஒரு வரிக்கு 36 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மைதானம் எழுதியது:

தம்பி கேட்டது சரியான கேள்வி. டேட்டோனா 500-இன் முதல் வெற்றியாளர் என்றால் அது லீ பெட்டி, 1959. அதிலும் அவர்தான் ஜெயித்தார் என்று சொல்லவே 3 நாள் ஆனது. கோட்டைத் தாண்டும்போது மூன்று கார் ஒட்டி வந்ததால் புகைப்படங்களையும் செய்திப்படத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். முதலில் வேறொருவரை வெற்றி மேடையில் ஏற்றியும்விட்டார்கள். உங்கள் துணைவரியைப் பார்ப்பவர் பேனையும் பெட்டியையும் குழப்பிக்கொள்வார்.

என் ஆலோசனை: சொல்லே வேண்டாம். வினையாக எழுதுங்கள். ‘பேன் வெல்வது இதுவே முதல்முறை.’ முடிந்தது. பத்திரிகையில் நாங்கள் அப்படித்தான் ஒப்பேற்றுகிறோம்.

துணைவரி எழுதியது:

> என் ஆலோசனை: சொல்லே வேண்டாம். வினையாக எழுதுங்கள்.

அதைச் செய்துவிடுவேன், ஆனால் படத்தில் பின்னால் ஒரு பட்டியல் வருகிறது. 2011 பருவத்தில் மட்டும் இப்படி 5 பேர்: டிரெவர் பேன், ரீகன் ஸ்மித், டேவிட் ரேகன், பால் மெனார்ட், மார்கஸ் ஆம்ப்ரோஸ். பட்டியலுக்கு மேலே தலைப்பாக அந்தச் சொல் பெரிய எழுத்தில் நிற்கிறது. அங்கே வினையை வைத்து என்ன செய்வது?

வடமராட்சி எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எங்கட பத்திரிகைகளில் கன்னிச் சதம், கன்னி உரை, கன்னி அமர்வு எல்லாம் நெடுங்காலமாக இருக்கிறது. ‘கன்னி வெற்றி’ என்று எழுதுங்கோ. பட்டியலுக்கு ‘கன்னி வெற்றி பெற்ற சாரதிகள்’. சாரதி என்ற சொல்லையும் கொஞ்சம் யோசியுங்கோ. ஓட்டுநர் என்றால் எனக்கு பஸ்தான் ஞாபகம் வருகுது.

துணைவரி எழுதியது:

கன்னி என்ற சொல்லை இருபது வயதுப் பையனின் முகத்துக்குக் கீழே போட எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. சிரிப்பார்கள். ஆங்கிலத்தில் அவர்கள் சொல்லும் ‘மெய்டன்’ என்பதைத்தானே நாம் அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறோம்?

புலவர் எழுதியது:

அம்மா, அது பெயர்ப்பு என்று யார் சொன்னது? கன்னி என்னும் சொல்லுக்கு இளமை, புதுமை, அழியாமை என்னும் பொருள்களெல்லாம் உண்டு. நூலெல்லாம் வேண்டா, கார்த்திகை மாதம் தெருவில் இறங்கிப் பாருங்கள். முதன்முறை மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவன் கன்னிசாமி. மீசை வைத்த ஆண்மகன்தான். ஊரில் எவரும் சிரிப்பதில்லை.

எனினும் என் பரிந்துரை கன்னி அன்று. வென்றவனுக்குத் தமிழில் இருக்கும் பூ வாகை. ‘வாகை தானே பாலையது புறனே’ என்கிறது தொல்காப்பியம். ஆகவே ‘முதல்வாகையர்’ என்க. தேரோட்டத்துக்கும் வாகைக்கும் உள்ள உறவும் பழையது. பதிற்றுப்பத்தில் நார்முடிச்சேரல் வீழ்த்திய நன்னன் ‘பொலந்தேர் நன்னன்’. அவனுடைய காவல் மரம் வாகை. ஓட்டுபவனுக்கும் சொல் இருக்கிறது: வலவன். ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்ற புறநானூற்று அடியை இக்குழுவில் நினைவூட்ட வேண்டியதில்லை. ‘முதல்வாகை வலவர்’ என்று எழுதினால் 36 எழுத்துக்குள் அடங்கும்.

பட்டறை எழுதியது:

புலவர் ஐயா, நீங்கள் சொன்ன பாட்டிலேயே அந்த வாகை மரத்தை வெட்டித்தானே போட்டார்கள்? ‘வாகைக் கடிமுதல் தடிந்த’ என்று வருகிறது. தோற்றவனுடைய மரம் எப்படி ஜெயித்தவனுக்கு அடையாளம் ஆச்சு?

புலவர் எழுதியது:

நல்ல கேள்வி. பகைவனின் காவல் மரத்தை வெட்டுவதே வெற்றியின் அடையாளம். வாகை வெற்றிப்பூ என்பது துறைவழக்கு. நன்னன் மரம் வாகையாய் இருந்தது வரலாறு. இரண்டையும் குழப்பலாகாது. விரிவாகத் தனிமடலில் எழுதுகிறேன்.

(தனிமடலில் எழுதவில்லை. இங்கேயே நான்கு பத்தி எழுதினார். வாகை, தூங்குமூஞ்சி, உழிஞ்சில் என்று மரங்களுக்குள் போய்விட்டதால் அதைச் சுருக்கியிருக்கிறேன். முழு மடலும் காப்பகத்தில் உள்ளது. மட்டுறுத்துநர்.)

பட்டறை எழுதியது:

ஸ்டாக் காருக்கு வருகிறேன், அதை எல்லாரும் மறந்துட்டீங்க. எங்கள் தொழிலில் ‘ஸ்டாக் கண்டிஷன்’, ‘கம்பெனி ஃபிட்டிங்’ இரண்டும் தினமும் புழங்குகிற பேச்சு. சைலன்ஸர் மாத்தாமல், ஸ்பிரிங் வெட்டாமல், ஷோரூமிலிருந்து இறக்கின மாதிரியே இருக்கிற வண்டி. 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நாஸ்கார் அந்த வகைக்கு நடத்திய முதல் பந்தயத்தில் முதலில் வந்த கிளென் டன்னவேயை நீக்கிவிட்டார்கள். காரணம், அவர் ஓட்டிய ஃபோர்டின் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தார்கள். கள்ளச்சாராயம் ஏற்றுகிற வண்டிகளில் பாரம் தெரியாமல் இருக்கச் செய்கிற வேலை அது. இரண்டாவதாக லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். ‘ஸ்டாக்’ என்றால் அன்றைக்கு அவ்வளவு கறார்.

இன்றைக்கு அந்தப் பெயர் மட்டும்தான் மிச்சம். வண்டி முழுக்க இரும்புக் குழாயில் பற்றவைத்த கூடு. ஓட்டுபவர் கதவு திறக்காது, ஜன்னல் வழியாக ஏறணும். முன்னால் இருக்கிற ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர். விளக்கே கிடையாது. அதனால் ‘கம்பெனி வண்டிப் பந்தயம்’ என்று தமிழில் போட்டால் அது பொய்யாகிவிடும்.

மைதானம் எழுதியது:

அப்படிப் பார்த்தால் ஆங்கிலத்திலும் அது பொய்தானே? அவர்கள் பொய்யை நாம் ஏன் திருத்த வேண்டும்?

புலவர் எழுதியது:

ஸ்டாக் என்பதற்கு ‘இருப்பு’ என்று வணிகத் துறையில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. ‘இருப்புச் சீருந்து’ என்னலாம்.

பட்டறை எழுதியது:

ஐயா, இருப்புப்பாதை என்றால் ரயில் ரோடு. இருப்புச் சீருந்து என்றால் இரும்பில் செய்த கார் என்றுதான் படிப்பார்கள்.

புலவர் எழுதியது:

மென்தொடர் வன்தொடராவதால் இரும்பு இருப்பு ஆயிற்று. மருந்துப் பை மருத்துப் பை ஆவதுபோல. இந்த இருப்பு வேறு, அந்த இருப்பு வேறு. படிப்பவர்க்கு இலக்கணம் தெரியாதது சொல்லின் குற்றமா?

துணைவரி எழுதியது:

ஐயா, துணைவரி திரையில் 3 வினாடிதான் நிற்கும். அதற்குள் மென்தொடர் வன்தொடராக மாற நேரமில்லை.

வடமராட்சி எழுதியது:

சீருந்து என்று வந்ததால் கேட்கிறேன், மகிழுந்து என்ன ஆச்சு?

பட்டறை எழுதியது:

அந்த 2011 பந்தயத்தில், ஆபத்து, மெதுவாகப் போங்கள் என்று 16 தடவை மஞ்சள் கொடி காட்டினார்கள். முக்கால்வாசி மோதல்தான். மகிழுந்துகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின என்று எழுத உங்களுக்கு மனசு வருமா?

மைதானம் எழுதியது:

முதல் கேள்விக்கு ஒரு யோசனை. தலைதீபாவளி, தலைப்பிரசவம், தலைச்சன் பிள்ளை என்று நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது. ‘தலைவெற்றி’. சின்னது, தமிழ், எவருக்கும் அகராதி வேண்டாம். தலைவெற்றி வீரர்கள் என்று பட்டியலுக்குத் தலைப்பு வைக்கலாம்.

பட்டறை எழுதியது:

கார் பந்தயம், அதில் ‘தல’ வெற்றி. அஜித் ரசிகர்கள் படத்தை முதல் நாளே பார்த்துவிடுவார்கள், நல்ல வியாபாரம். அவரே அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று 2021-இல் அறிக்கை விட்டும் யார் கேட்டார்கள்?

புலவர் எழுதியது:

விளையாட்டை விடுங்கள். தலைவெற்றியில் வேறு இடர்ப்பாடு உண்டு. தலைநகர், தலைமகன் என்பவற்றில் தலை என்பது சிறப்பு. தலைவெற்றி என்றால் ஒருவனுடைய வெற்றிகளுள் தலையாயது என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது. கன்னி வெற்றியில் அந்த மயக்கம் இல்லை. இப்பொழுது எனக்குக் கன்னியே மேல் என்று தோன்றுகிறது.

மைதானம் எழுதியது:

பேனுக்கு வாழ்நாளில் அந்த வரிசையில் கிடைத்தது அந்த ஒரே வெற்றிதான். அவருக்கு இரண்டு பொருளும் பொருந்தும்! ஆனால் கன்னி எனக்கு ஒட்டவில்லை. கன்னிசாமி என்பவர் முதல்முறை மலைக்குப் போகிறவர். கன்னிப்பேச்சு முதல்முறை பேசுவது. முதல் முயற்சிக்குத்தான் அந்தச் சொல். மைக்கேல் வால்ட்ரிப் 2001-இல் இதே டேட்டோனா 500-ஐ வென்றபோது அவருக்கு அது 463-வது பந்தயம். அதற்கு முன் 462 தடவை ஓட்டி ஒன்றில்கூட வெல்லவில்லை. அவரையும் கன்னி என்பீர்களா? 462 தடவை மலைக்குப் போனவர் குருசாமிக்கெல்லாம் குருசாமி.

அன்றைக்குக் கடைசிச் சுற்றில், வால்ட்ரிப்புக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அவருடைய அணி முதலாளி டேல் ஏர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்துபோனார். அந்த வெற்றிக்கு நான் எந்தப் பூவையும் சூட்ட மாட்டேன். வாகையும் வேண்டாம், கன்னியும் வேண்டாம். ‘முதல்முறை’ என்று வறட்டுச் சொல்லாக இருப்பதே நல்லது.

புலவர் எழுதியது:

கன்னி என்பது அடையாக நிற்பது வெற்றிக்கு, வீரருக்கு அன்று. கன்னிச் சதம் அடித்தவரும் பலமுறை ஆடி, பலமுறை சதம் தவறியவரே. ஆனால் பிற்பாதியில் நீங்கள் சொன்னதை மறுக்க எனக்கு மனமில்லை.

துணைவரி எழுதியது:

வியாழன் ஆகிவிட்டது. இடையில் இன்னொன்று முளைத்திருக்கிறது: டிராஃப்டிங். 2010-இல் டேட்டோனாவில் தார் முழுவதும் புதிதாகப் போட்டார்கள். வழவழப்பான தரையில் இரண்டிரண்டு கார்களாக பம்பரோடு பம்பர் ஒட்டி ஓடினால் தனியாக ஓடுவதைவிட வேகம் கூடுகிறது. ஆனால் பின்னால் இருக்கும் காரின் ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் கொதிக்கும், உடனே முன்பின் மாற வேண்டும். பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருக்கிற காரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஓட்டுகிறார்கள். கடைசியில் பேனைத் தள்ளிக்கொடுத்தவர் பாபி லபான்டி. இதற்கு ஒரு சொல்?

பட்டறை எழுதியது:

லாரிக்குப் பின்னால் ஒட்டி சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், காத்து அடிக்காது, கால் லேசாகிவிடும். அதேதான் இது. பேச்சில் ‘காத்து மறைப்பு’.

வடமராட்சி எழுதியது:

பூகோளப் பாடத்தில் மழைமறைவுப் பிரதேசம் என்று படித்தோம் அல்லவா? மலைக்குப் பின்னால் மழை கிடைக்காத பக்கம். அதே மாதிரி ‘காற்றுமறைவு’. காற்றுமறைவில் ஓடினான், காற்றுமறைவை விட்டு விலகினான் என்று வினையோடும் சேரும்.

துணைவரி எழுதியது:

எடுத்துக்கொண்டேன். நன்றி!

புலவர் எழுதியது:

‘வளிமறைவு’ இன்னும் செறிவு.

பட்டறை எழுதியது:

பந்தயம் என்றதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் வரிசையில் ஓட்டினார். முதல் பந்தயம் வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில். அந்த ஆண்டு அந்த வரிசையில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் விருது அவருக்குத்தான். பேன் ஓட்டிய 21-ஆம் எண் ஃபோர்டு வுட் பிரதர்ஸ் அணியுடையது. அவர்கள் ஆரம்பித்த ஸ்டூவர்ட் என்கிற சின்ன ஊர் அந்த மார்ட்டின்ஸ்வில்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. டேட்டோனா 500-இல் அந்த அணி அதற்குமுன் வென்றது 1976-இல், டேவிட் பியர்சன் ஓட்டியபோது. 35 வருஷம் காத்திருந்து ஒரு சின்னப் பையன் கையில் கிடைத்திருக்கிறது. இதைத் துணைவரியில் எங்கேயாவது நுழைக்க முடியுமா?

துணைவரி எழுதியது:

படத்தில் இல்லாததை நான் எழுத முடியாது, அண்ணா. ஆனால் டேவிட் ரேகன் கதை இருக்கிறது. டேட்டோனாவில் முடிவுக்குப் பக்கத்தில் அவர்தான் முன்னால் இருந்தார். மஞ்சள் கொடிக்குப் பிறகு நடந்த மறுதொடக்கத்தில் கோட்டைத் தாண்டுமுன் தடம் மாறினார் என்று, தண்டனையாகக் கறுப்புக் கொடி காட்டிவிட்டார்கள். முன்னிடம் பேனுக்கு வந்தது. அதே ரேகன் அதே ஓடுதளத்தில் ஜூலையில் வென்றார். அவருக்கும் அது முதல்முறை. அதனால்தான் அந்தப் பட்டியலில் இருவரும் வருகிறார்கள், அதனால்தான் தலைப்புச் சொல்லுக்கு இந்தப் பாடு.

மட்டுறுத்துநர் எழுதியது:

மடல்கள் அதிகமாகிவிட்டன. இதுவரை வந்ததைப் பார்த்தால் ஸ்டாக் காரை அப்படியே தமிழ் எழுத்தில் விடுவதற்கு நால்வர், புலவர் ஐயா மட்டும் எதிர். காற்றுமறைவுக்கு எதிர்ப்பில்லை (வளிமறைவு பதிவு செய்யப்பட்டது). வெற்றிச் சொல்லுக்கு ‘முதல்முறை வென்றவர்’ என்று மைதானமும் பட்டறையும். வடமராட்சி கன்னி. துணைவரி எதைச் சொன்னாலும் சரி என்கிற நிலையில் இருக்கிறார் என்று தெரிகிறது.

வடமராட்சி எழுதியது:

நான் கன்னியை விடவில்லை. ஆனால் அவசரம் என்றால் முதல்முறையைப் போடுங்கோ. யாரும் சாகப்போவதில்லை.

புலவர் எழுதியது:

‘முதல்முறை வென்றவர்’ என்பது கலைச்சொல் அன்று, தொடர். இதைக் கலைச்சொல்லாக ஏற்றுப் பட்டியலில் சேர்ப்பதை எதிர்க்கிறேன். கோப்பில் போட்டுக்கொள்வதில் மறுப்பில்லை.

துணைவரி எழுதியது:

கோப்பு அனுப்பியாகிவிட்டது. முதல்முறை வென்றவர்கள், ஸ்டாக் கார், காற்றுமறைவு. எல்லோருக்கும் நன்றி. சரிபார்ப்பவர்கள் பார்க்க வசதியாக ஒரு படியை இணைத்திருக்கிறேன்.

வடமராட்சி எழுதியது:

படித்தேன், நல்லா வந்திருக்கு. சாரதி வராததில் கொஞ்சம் கவலைதான்.

மைதானம் எழுதியது:

நானும் பார்த்தேன். சில இடத்தில் ‘ஓட்டுநர்’ என்றும் சில இடத்தில் ‘ஓட்டுனர்’ என்றும் இருக்கிறது. எது சரி?

புலவர் எழுதியது:

பெறுநர், அனுப்புநர் என்பவற்றில் வரும் விகுதி ‘நர்’. எனவே ஓட்டுநர். ‘ஓட்டுனர்’ என்பார்க்கு என் கேள்விகள் மூன்று. முதலாவது,

மட்டுறுத்துநர் எழுதியது:

ஐயா, புதிய இழையில்.