சிகாகோவில் போலந்துக்காரர்கள் பேட்டை இன்னும் இருக்கிறதா?

மதுரைப்பெண்:
அடுத்த மாதம் அம்மாவை சிகாகோவுக்குக் கூட்டிப் போகிறேன். போன முறை டிவிஷன், ஆஷ்லாண்ட், மில்வாக்கி மூன்றும் கூடுகிற போலிஷ் முக்கோணத்தில் இறங்கிப் பார்த்தேன். ஒரு போலிஷ் வார்த்தைகூடக் காதில் விழவில்லை, காபிக்கடைகள்தான். அந்த மக்கள் எங்கே போனார்கள்? அம்மா அசைவம் தொட மாட்டார், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

வடமேற்குவாசி:
முக்கோணத்துக்குப் பக்கத்திலேயே, 984 நார்த் மில்வாக்கியில், போலிஷ் அருங்காட்சியகம் இருக்கிறது. 1937இல் திறந்தது. பியானோ மேதையாகவும் போலந்துப் பிரதமராகவும் இருந்த படெரெவ்ஸ்கிக்குத் தனி அறையே உண்டு.

ஏவன்டேல்காரி:
அதே மில்வாக்கி தெருவைப் பிடித்துக்கொண்டு வடமேற்கே நகர்ந்துவிட்டார்கள். 56ஆம் எண் பஸ் அந்த வழியேதான் போகிறது, அதில் ஏறுங்கள்.

ஏறுவதற்கு முன்னால் முக்கோணத்திலிருந்து நடந்து போய் செயின்ட் ஸ்தனிஸ்லாஸ் கோயிலைப் பாருங்கள். 1867இல் தொடங்கியது, இந்த ஊரின் முதல் போலிஷ் பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்க மக்களின் சமூகம். கென்னடி நெடுஞ்சாலை அதன் முதுகை உரசிக்கொண்டு போகும். கோயிலை இடிக்கத்தான் திட்டம், மக்கள் போராடித் தடத்தை நகர்த்த வைத்தார்கள். சுற்றியிருந்த வீடுகள் பல தப்பவில்லை.

அடுத்து ஏவன்டேல். பங்கின் புனிதர் பெயரோடு ‘ஓவோ’ சேர்த்தால் பேட்டையின் பெயர். இங்கே கோயில் செயின்ட் ஹயசிந்த் பெயரில். ஹயசிந்த் போலிஷில் யாட்செக், அதனால் ‘யாட்ஸ்கோவோ’. அங்கே ஒரு பழைய செங்கல் வீட்டின் மாடியில் ஆறு வருடம் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரம்மா, 1980களில் போலந்திலிருந்து வந்தவர்.

முதல் குளிர்காலம், டிசம்பர் 24, இருட்டியதும் கதவைத் தட்டினார். அன்றைக்கு எதிர்பாராத விருந்தாளிக்கென்று மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பது அவர்கள் வழக்கம். ‘தட்டு காலியாக இருக்கிறது, வா’ என்றார். காகிதம் போல மெல்லிய வெள்ளை அப்பத்தை என் கையில் கொடுத்து, அதில் ஒரு துண்டு ஒடித்துக்கொண்டு, தன்னுடையதிலிருந்து என்னை ஒடிக்கச் சொன்னார். அப்புறம் பீட்ரூட் சூப், அதில் காளான் வைத்த குட்டிக் கொழுக்கட்டைகள். அன்று இறைச்சி சமைப்பதில்லை. மீனை மட்டும் நான் ஒதுக்க, முட்டைக்கோஸ் பியரோகியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பியரோகி பார்க்க நம் சோமாசிதான், ஆனால் வேகவைத்தது. அம்மாவுக்கு உருளைக்கிழங்கும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்த ‘ருஸ்கியே’ வாங்குங்கள். மேலே பன்றிக்கொழுப்பு வறுத்துத் தூவுவார்கள், ‘பெஸ் ஸ்க்வாரெக்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜூரெக் சூப் வேண்டாம், அதில் தொத்திறைச்சி இருக்கும்.

மதுரைப்பெண்:
அந்தத் தட்டு விஷயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘அந்தம்மா இப்போ எங்கே இருக்காங்க?’ என்று கேட்கிறார்.

ஏவன்டேல்காரி:
வீட்டை விற்றுவிட்டு நைல்ஸில் மகளோடு இருக்கிறார். அதுவும் மில்வாக்கி தெரு போகிற வழிதான். இந்த டிசம்பரிலும் போவேன். எனக்கென்று இப்போது தனித் தட்டு, பக்கத்திலேயே காலித் தட்டு இன்னொன்று இருக்கும். அம்மாவிடம் சொல்லுங்கள்.