முடிச்சூரில் வாங்கும் வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு அவசியமா?

முடிச்சூர்வாசி:
தாம்பரம் பக்கத்தில் முடிச்சூரில் ஒரு தனி வீடு பேசி முடித்திருக்கிறோம். 2015 டிசம்பரில் அந்தத் தெருவே மூழ்கியது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், விற்பவரோ செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்த வினை, இனி வராது என்கிறார். வங்கியில் லோனோடு ஏதோ இன்சூரன்ஸும் போடச் சொல்கிறார்கள். அது போதுமா? அரசு நிவாரணம் தருகிறதே, அப்புறம் எதற்கு வருஷா வருஷம் கட்ட வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வேளச்சேரி குமார்:
கட்டாயம் எடுங்க சார். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேருவது உங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூருக்கு வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரி நீர், அதனால் விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். மிக்ஜாம் புயலுக்கு 2023இல் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள், அந்த நேரத்துக்குப் பெரிய உதவிதான், ஆனால் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கக்கூடக் காணாது. தண்ணீர் வடிந்த பிறகுதான் செலவே ஆரம்பிக்கும், வயரிங், மோட்டார், ஊதிப்போன கதவுகள், ப்ளைவுட் அலமாரி, மெத்தை என்று ஒவ்வொன்றாக. வங்கி போடச் சொல்வது பல சமயம் கடன் வாங்கியவரின் உயிருக்கான பாலிசியாக இருக்கும், வீடு மூழ்கினால் அதில் ஒரு பைசா வராது, கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

காப்பீட்டு ஊழியர்:
வெள்ளத்துக்கென்று தனி பாலிசி தேடி அலைய வேண்டாம். 'பாரத் கிருஹ ரக்ஷா' என்று கேளுங்கள், 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி விதிகளோடு இருக்கிறது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். தொகை முடிவு செய்யும்போது மனையின் விலையைச் சேர்க்காதீர்கள், வெள்ளம் மனையை அடித்துக்கொண்டு போகாது, திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. 1,000 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 25 லட்சம். வீட்டுப் பொருட்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 5 லட்சம், தானாகவே சேரும் (உச்சவரம்பு 10 லட்சம்). நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். குடியிருக்க முடியாமல் வெளியே வாடகைக்குப் போனால் அதற்கும் உண்டு. கார் இதில் வராது, அதன் பாலிசியில் எஞ்சின் ப்ரொடெக்ட் (எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து கெட்டால் கிடைக்கும் கூடுதல் காப்பீடு) இருக்கிறதா பாருங்கள்.

முடிச்சூர்வாசி:
ரொம்ப நன்றி. இப்போது வாடகைக்கு இருக்கும் வீட்டில் எங்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாமா?

காப்பீட்டு ஊழியர்:
எடுக்கலாம். ஆனால் புயல் சின்னம் உருவானபின் ஓடாதீர்கள், செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். பொருட்களைப் படம் எடுத்து பில்லோடு மெயிலில் போட்டு வையுங்கள். தண்ணீர் புகுந்தால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தையும் படம் எடுங்கள், சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை நனைந்த சாமானைத் தெருவில் போட்டுவிடாதீர்கள்.