மறு: யித்திஷ் பாடத்துக்கான கலைச்சொல் – ‘தற்சமம்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

> யித்திஷில் புழங்கும் எபிரேயச் சொற்களைத் ‘தற்சமம்’ என்றே சொல்லலாமே. புதுச்சொல் எதற்கு?

தற்சமம் என்பது வடசொல் விகாரமின்றித் தமிழில் வருவது. எபிரேய எழுத்தில் எழுதப்படும், ஜெர்மானிய அடிப்படை கொண்ட யூதர் மொழியான யித்திஷில் கதை வேறு. ‘உண்மை’யைக் குறிக்கும் சொல்லைப் பாருங்கள்: ஆலெஃப், மெம், சோஃப் என மூன்றே எழுத்து. எபிரேயத்திலும் அதே மூன்றுதான். இஸ்ரேலியர் அதை ‘எமெட்’ என்று படிப்பார்; யித்திஷ்காரர் வாயில் அது ‘எமெஸ்’. வடசொல் வடவெழுத்தை விட்டுவிட்டு வரவேண்டும் என்றார் தொல்காப்பியர். இவர்களோ எழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒலியை விட்டுவிட்டார்கள்!

இணையத்தில் கற்பவர் இடறுவதும் இங்கேதான். ஜெர்மானியச் சொற்களைப் பெரும்பாலும் காதில் விழுந்தபடி எழுதிவிடலாம். ‘எமெஸ்’ஸையும் அப்படியே அயின், மெம், அயின், சாமெக் என்று தட்டித் தேடினால் அகராதி கைவிரித்துவிடலாம். இலத்தீன் எழுத்தில் மட்டும் படித்துப் பழகியவருக்கு இந்தச் சிக்கல் இருப்பதே தெரியாது. அங்கே எல்லாம் ஒலிப்படிதான்.

1920களில் சோவியத் ஒன்றியம் அந்த நான்கெழுத்து வடிவத்தையே முறையாக்கியது. 1925இல் வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) தொடங்கிய யீவோ என்ற யித்திஷ் ஆய்வு நிறுவனம் வகுத்த எழுத்துமுறையில் எபிரேய வடிவம் நிலைத்தது. அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட் நகரிலுள்ள யித்திஷ் நூல் மையத்தின் மின்னூலகத்தில் உலவுபவர் இரண்டையும் எதிர்கொள்வார். ஆகவே, பாடக்குறிப்பில் தனிப்பெயர் இல்லாமல் தீராது.

> ‘முதலெழுத்துச் சொல்’ எப்படி?

உயிரும் மெய்யுமாக முப்பதுக்கும் நம் இலக்கணம் ஏற்கெனவே வைத்த பெயர் அது, குழப்பம்தான் மிஞ்சும். ‘மூலவெழுத்துச் சொல்’ பரவாயில்லை, ஆனால் எது மாறவில்லை என்பதை அது சொல்லவில்லை.

என் பரிந்துரை: எழுத்துமாறாச் சொல். ஒலியைப் பற்றி அது வாக்குறுதி எதுவும் தரவில்லை என்பதே அதன் சிறப்பு.

———

ஐயா, வணக்கம். சொல் நன்று. ஆனால் ‘எமெஸ்டிக்’ (உண்மையான) என்பதை எங்கே வைப்பீர்கள்? ‘எமெஸ்’ எபிரேய எழுத்துக்கூட்டலில், ‘டிக்’ ஒலிப்படி. ஒரே சொல்லில் இரண்டு முறையும் இருக்கிறதே.

———

அம்மா, நல்ல கேள்வி. பகுதி, விகுதி என்று பிரிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதையே பயன்படுத்துவோம். ‘எமெஸ்’ எழுத்துமாறாப் பகுதி, ‘டிக்’ ஒலிப்படி விகுதி. முழுச்சொல்லும் எபிரேயமாக நிற்குமிடத்தில் மட்டும் ‘எழுத்துமாறாச் சொல்’. மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.