‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் டீமாவை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?

முள்ளியவளையிலிருந்து:

2001இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம் ‘மெட்ரோபோலிஸ்’. ரின்தாரோ இயக்கியது. எனக்குக் கிடைத்தது பல வருடம் கழித்து, அண்ணாவின் லாப்டாப்பில். அன்றைக்கு அம்மம்மா தலையைச் சாய்த்துக்கொண்டு பேன் பார்க்கச் சொன்னார். கை அவருடைய தலையில், கண் படத்தில். கீழே ஓடிய ஆங்கில எழுத்தை வாசித்து வாசித்துத் தமிழில் கதை சொன்னேன்.

டியூக் ரெட் என்ற பெரிய புள்ளி, செத்துப்போன மகளின் முகச்சாயலில் ஒரு இயந்திரப் பெண்ணைச் செய்விக்கிறான். அவள்தான் டீமா. சிக்குராத் என்ற வானளாவிய கோபுரத்தில் சிம்மாசனம் போட்டு அவளை இருத்தினால் உலகமே கைக்குள். ஆனால் ஆய்வுகூடம் தீப்பிடிக்க, கெனிச்சி என்ற பையனோடு நிலத்துக்குக் கீழுள்ள நகரத்தில் போய் விழுகிறாள். அவளுக்குப் பேச்சுப் பழக்குவதும் அவன்தான். தான் மனிசி இல்லை என்பதே அவளுக்குத் தெரியாது.

அம்மம்மா தலையை நிமிர்த்தினார். “அப்ப, தான் அம்மாளாச்சியெண்டு அவளுக்கே தெரியாதோ?”

பிறகு படம் ஒரு பக்கம், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதை ஒரு பக்கம். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பெடியளிடம் கண்ணகி கிழவியாக வந்தது, எண்ணெய் இல்லையென்றதும் கடல்நீரில் விளக்கேற்றச் சொன்னது, பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் கொடுத்தது, மயிரை விலக்கினால் ஆயிரம் கண். (வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் உப்புநீரில் விளக்கு எரிப்பார்கள்.) அங்கே தெய்வத்துக்குத் தன்னைத் தெரியும், பெடியளுக்குத் தெரியாது. இந்தப் படத்தில் அவளுக்கே தன்னைத் தெரியாது. சொல்லிவிட்டு மறுபடி தலையைத் தந்தார். எனக்குத்தான் மயிரை விலக்கக் கொஞ்சம் பயமாக இருந்தது.

புதுக்குடியிருப்பிலிருந்து:

எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தியது சிம்மாசனக் காட்சியில். வயர்கள் வந்து டீமாவைப் பிடிக்க, முகத்தில் ஒரு பக்கத்துத் தோல் போய் உள்ளே உலோகம் தெரியும். சித்தியின் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா மட்டும் சிரித்தார். 2009இலிருந்து அவருக்கு ஒரு கால் பொய்க்கால். இரவில் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டுத்தான் படுப்பார். “இதுக்கே கத்துறியள்?” என்றார். அதற்குப் பிறகு அந்தக் காட்சியில் எனக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வருகிறது.

மாங்குளத்திலிருந்து:

சின்னத் தகவல். இந்தப் படத்துக்கு மூலமான, ஒசாமு தெஸூகா 1949இல் வரைந்த சித்திரக்கதையில் டீமா இல்லை, மிச்சி என்ற பாத்திரம்தான். 1927இல் இதே பெயரில் வந்த ஜெர்மன் படத்தின் ஒரேயொரு நிழற்படம்தான் அவருக்குப் பொறி. இன்னொன்று, கோபுரம் இடியும்போது ரே சார்ல்ஸின் காதல் பாட்டு உருகி உருகிப் போகிறது. ஃபைல் பழுதாயிருக்கும் என்று நிறுத்தித் திரும்பப் போட்டேன். திரும்பவும் அதே பாட்டு!

மீண்டும் முள்ளியவளை:

பாட்டுக் காட்சியைச் சொன்னதும் நினைவு வந்தது. உச்சியில் கெனிச்சியின் கையில் தொங்கியபடி டீமா கேட்பாளே, “நான் யார்?” என்று. அதைத் தமிழில் சொல்லி முடிக்க முன்னமே அம்மம்மா எழும்பி உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கத்தினார்: “அவளின்ர பேரைச் சொல்லன் தம்பி, கெதியாச் சொல்லன்!”